கள்ளச்சிரிப்பு, கள்ளநோட்டு, கள்ளக்காதல்: இந்தக் ‘கள்ள’வுக்கு என்னதான் பொருள்?

மெய்ப்புக்காரன்

பதினாறு வருஷமாக ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் மெய்ப்புத் திருத்துகிறேன். போன வாரம் டெஸ்கில் புது உத்தரவு வந்தது. இனிமேல் ‘கள்ளக்காதல்’ தலைப்பில் வரக்கூடாது. காரணம் நியாயமானதுதான். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் திருமணம் கடந்த உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்தது. சட்டத்தில் குற்றமே இல்லாத ஒன்றுக்கு நாம் இத்தனை வருஷமாகக் குற்றப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் கஷ்டம் வேறு. ஒற்றைப் பத்தித் தலைப்பில் ஒரு வரிக்கு ஒன்பது, பத்து எழுத்து நிற்கும். ‘கள்ளக்காதல்’ ஏழெழுத்து, கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ‘திருமணம் கடந்த உறவு’ பன்னிரண்டு, இடைவெளி தனி. ‘தகாத உறவு’ உட்காரும். ஆனால் தகும், தகாது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

சரி, அது என் பிழைப்பு. கேள்வி இதுதான். அன்று ராத்திரி பக்கம் வரக் காத்திருந்த நேரத்தில் ஒரு பழைய புரூஃபின் பின்பக்கம் ‘கள்ள’வில் தொடங்கும் சொற்களை எழுதிக்கொண்டே போனேன். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளத்துப்பாக்கி, கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை, கள்ள ஓட்டு, கள்ளத்தோணி. அப்புறம் கள்ளச்சிரிப்பு, கள்ளப்பார்வை, கள்ளத்தூக்கம், கள்ளக்குரல்.

நோட்டில் ‘கள்ள’ என்றால் போலி. ஆனால் கள்ளச்சாராயம் போலிச் சாராயம் இல்லையே, குடித்தால் போதை ஏறுகிறது. கள்ளத்துப்பாக்கியும் சுடும். கள்ளச்சிரிப்பு நிஜமான சிரிப்பு. சொல்லப்போனால் மேடையில் சிரிக்கிற சிரிப்பைவிட நிஜம். ஆனால் கள்ளத்தூக்கம் நிஜமான தூக்கம் இல்லை. ஒரே அடைமொழி, ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு வேலை. இத்தனைக்கும் பொதுவாக ஒரு பொருள் உண்டா? என் ஊகம் ‘மறைவு’. அகராதியில் வஞ்சனை, பொய், களவு என்று இருக்கிறது, ஆனால் அவை எல்லாம் மறைவின் பிள்ளைகள் என்று தோன்றுகிறது. மறுப்பவர்கள் வரலாம்.


தேரிக்காடு

மறைவுதான். எங்கள் பக்கம் கோலி விளையாட்டில் ‘கள்ளாட்டை’ என்று ஒன்று உண்டு. சாண் வைத்து அளக்கும்போது கட்டைவிரலை யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு விரற்கடை முன்னால் நகர்த்துவான் பாருங்கள், அது கள்ளாட்டை. அதே பயல் தோற்றுவிட்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிய, “நான் ஆட்டத்துக்கே வரலைன்னு அப்பவே சொன்னேன்” என்று காலால் குழியை மூடினால் அதற்குப் பெயர் கள்ளாட்டை இல்லை. அது அழுகுணி ஆட்டம். இரண்டும் நேர்மையில்லாததுதான். ஆனால் முதலாவதில் மற்றவன் கண் தப்ப வேண்டும். அந்த வித்தியாசத்தை எட்டு வயதுப் பயல்கள் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்ல மாட்டோம்.


வால்டாக்ஸ்

எங்கள் ஏரியாவில் ரெண்டுக்கும் ஒரே பேர்தான். போங்கு.


கல்முனைக்காரி

எங்களுக்குத் ‘திருடன்’ என்பது படத்தில் வருகிற ஆள். வீட்டுக்குள் வருகிறவன் கள்ளன். “நேற்று முன்வீட்டுக்குக் கள்ளன் வந்திட்டான்” என்றுதான் சொல்லுவோம். என் மனிசன் யாழ்ப்பாணம், அவருடைய ஆட்களுக்கு விளையாட்டில் செய்கிற ஏமாற்று ‘அலாப்பி’. கள்ளன் வேறு, அலாப்பி வேறு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு கதை. என் அம்மம்மாவுக்கு எல்லாப் பேரப்பிள்ளைகளும் கள்ளன்தான், கள்ளிதான். பால்மா டின்னுக்குள் கையை விட்டுவிட்டு வாயெல்லாம் வெள்ளையாக வந்து நிற்கிறவனை “என்ர கள்ளா” என்று தூக்குவா. அந்தச் சொல்லில்தான் நான் வளர்ந்தேன். சில வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது அந்த வீட்டுச் சின்னவன் என் பையைத் திறந்து சொக்லேட் எடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நானும் ஆசையாக “வாடா கள்ளா” என்றேன். அவனுடைய அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பையனைக் கூப்பிட்டு “ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லு” என்றா. அவன் அழத் தொடங்கிவிட்டான். எனக்கு அன்று பகல் சோறு இறங்கவில்லை.


பழஞ்சுவடி

இழையைத் தொடங்கியவருக்கு என் வாக்கு. முப்பது வருஷம் பாடம் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறுந்தொகை 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. “யாரும் இல்லைத் தானே கள்வன், தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ.” அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே அதை இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அப்புறம் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் மாதிரி சின்னப் பசிய கால்கள். ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் சாட்சி, அதுவும் மீனைத்தான் பார்த்தது.

இங்கே அவன் எதைத் திருடினான்? அவள் விரும்பித்தான் வந்தாள். பொய்யும் இன்னும் சொல்லவில்லை, சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். பிறகு ஏன் கள்வன்? சாட்சி இல்லாத இடத்தில் நடந்ததால். கள்ளத்தின் வேர் இந்தச் சாட்சியின்மையில்தான் இருக்கிறது என்பேன். தொல்காப்பியர் ‘களவியல்’ என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். ஊரறியாமல் வளரும் காதல் களவு, ஊரறிந்து சேர்ந்து வாழ்வது கற்பு. இரண்டும் மதிப்புள்ள ஒழுக்கங்கள். களவு கற்பில் போய் முடிய வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு, களவே குற்றம் என்பது அல்ல. ஆகக் ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லை அந்தக் காலத்து ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், “இதிலென்ன விசேஷம், காதல் அப்படித்தானே தொடங்கும்” என்று கேட்பான்.

சம்பந்தர் முதல் பதிகத்தில் சிவனை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்கிறார். காஞ்சி காமாட்சி கோயிலுக்குள் கள்வப் பெருமாள் இருக்கிறார். திருக்கடையூரில் அமுதக் குடத்தை ஒளித்துவைத்த பிள்ளையார் கள்ளவாரணர். ஐங்குறுநூற்றில் ‘கள்வன் பத்து’ என்றே பத்துப் பாட்டு உண்டு. அங்கே கள்வன் என்பது நண்டு. வயலில் நெல்லை அறுத்துக்கொண்டு வளைக்குள் போய்விடுகிறது அல்லவா, அதனால் அந்தப் பெயர் பொருந்துகிறது.

சாமிக்கும் காதலனுக்கும் நண்டுக்கும் வைத்த பெயரை இன்று பேரனுக்கு வைத்தால் பெற்றவள் கோபித்துக்கொள்கிறாள். கல்முனை அம்மா, உங்கள் அம்மம்மா சொன்னதுதான் பழைய தமிழ்.


குறுக்குவிசாரணை

பழஞ்சுவடி ஐயாவின் பாடம் அருமை. ஆனால் கட்சிக்காரரை மட்டும் விசாரித்துவிட்டு எதிர்த்தரப்புச் சாட்சியை விட்டுவிட்டார். சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். “யானோ அரசன் யானே கள்வன்.” பாண்டியன் எதை மறைத்தான்? கோவலனைக் கொன்றது ஊருக்கே தெரியும். அரசாணை போட்டுக் கொன்றான். கண்ணகி வந்து கேட்டபோதுகூட “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று” என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னான். சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்ததும் தன்னையே கள்வன் என்கிறான். மறைவு எங்கே இருக்கிறது? தனக்கு உரிமை இல்லாததை எடுத்துவிட்டேன் என்பதுதான் அங்கே பொருள். கோவலன் உயிரை எடுக்க அவனுக்கு உரிமை இல்லை.

ஆகவே ‘கள்ள’ என்பது உரிமையின்மை. இன்றைய வழக்கில் லைசன்ஸ் இல்லாதது. கள்ளத்துப்பாக்கியும் கம்பெனித் துப்பாக்கியும் ஒரே மாதிரி சுடும், உரிமம்தான் வித்தியாசம். கள்ளச்சாராயத்தை எடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே மறைத்தா விற்றார்கள்? காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பக்கத்திலேயே விற்பனை நடந்தது என்று அப்போது எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஊருக்கே தெரிந்த சாராயம், ஆனாலும் அது கள்ளச்சாராயம். டாஸ்மாக் 2003இலிருந்து சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்தது. சீல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கள்ளம். மறைவு என்ற உங்கள் கட்சி இங்கே நிற்காது.


மெய்ப்புக்காரன்

சாராய விஷயத்தில் வக்கீல் சார் சொன்னதற்கு டெஸ்கிலிருந்து ஒரு பின்னிணைப்பு. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் செத்தபோது அதிகாரிகள் தரப்பில் ஒரு விளக்கம் வந்தது. இது கள்ளச்சாராயம் அல்ல, தொழிற்சாலை மெத்தனால் கலந்த விஷச்சாராயம். நாங்களும் மறுநாளிலிருந்து ‘விஷச்சாராயம்’ என்று மாற்றினோம். வேதியியல்படி அது சரியாகவே இருக்கலாம், காய்ச்சிய சாராயமும் மெத்தனாலும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘கள்ள’ என்றால், இத்தனை நாள் யார் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்ற கேள்வி கூடவே வந்துவிடும். ‘விஷ’ என்றால் கேள்வி கேனுக்குள் போய்விடும்.


குறுக்குவிசாரணை

நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்களே.


மெய்ப்புக்காரன்

இல்லை சார், ‘கண்ணை மூடிக்கொண்டு’ என்றுதானே எழுதியிருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதும் மறைவுதான்.


குமரிக்காரன்

அக்கம்பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்கலாமே. நான் பேசும் தமிழில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு.

மலையாளத்தில் ‘கள்ளம்’ என்றால் நேரடியாகப் பொய். “கள்ளம் பறையருது” என்றால் பொய் சொல்லாதே. கள்ளன் திருடனும் ஆவான். தெலுங்கில் ‘கல்ல’ என்பது பொய், உண்மையல்லாதது. கன்னடத்தில் ‘கள்ள’ என்றால் ஆள், அதாவது திருடன். பொய்க்கு அவர்களிடம் ‘சுள்ளு’ இருக்கிறது. ஆனால் அங்கேயும் கள்ளநோட்டு உண்டு, கள்ளச்சாராயத்துக்குக் ‘கள்ளபட்டி’ உண்டு, கடத்தலுக்குக் ‘கள்ளசாகணை’ உண்டு.

அதாவது ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பொய்யிடம் போனது, ஒன்று திருட்டிடம் போனது, தமிழ்நாட்டில் இருந்த பிள்ளைக்கு மட்டும் தனி வேலை இல்லை. நோட்டு, சாராயம், சாவி என்று அடுத்தவர் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘கள்ளம்’ என்று தனியாக நாம் எங்கே சொல்கிறோம்? ‘கள்ளங்கபடம் இல்லாதவர்’ என்று இல்லாததைச் சொல்லும்போதுதான். “அவர் மனசில் கள்ளம் இருக்கிறது” என்று கடைசியாக யார் சொல்லிக் கேட்டீர்கள்?

இன்னொன்று. கேரளத்தில் ‘கள்ளப்பணம்’ என்றால் கணக்கில் காட்டாத பணம், நாம் சொல்கிற கருப்புப் பணம். அச்சடித்த போலிதான் கள்ளநோட்டு. 2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த வாரம், எங்கள் ஊர் டீக்கடையில் மலையாளப் பேப்பர் படிப்பவரும் தமிழ்ப் பேப்பர் படிப்பவரும் கள்ளப்பணம் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். இவர் அச்சு மெஷினைப் பற்றிப் பேசுகிறார், அவர் வரி பாக்கியைப் பற்றிப் பேசுகிறார். டீ ஆறியதுதான் மிச்சம்.


பூத் சிலிப்

வாத்தியார் வேலை, ஆகவே தேர்தல் வேலையும். கள்ள ஓட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

முதலில், சட்டத்தில் ‘கள்ள ஓட்டு’ என்ற பெயர் கிடையாது. எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்வது ‘ஆள்மாறாட்டம்’. வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று கட்சி ஏஜென்ட் ஆட்சேபித்தால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். இன்றைக்கும் இரண்டே ரூபாய்தான், சில்லறை தேடி நாங்கள் படும் பாடு தனி. ஒருவர் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், உண்மையான ஆளுக்குத் தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி வாக்குச்சீட்டு தருவோம். இயந்திரம் கிடையாது, காகிதச் சீட்டு. அம்புக்குறி முத்திரையால் குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் வைத்து மூடிவிடுவோம்.

ஒரு தேர்தலில் காலை பதினொரு மணி இருக்கும். நடுத்தர வயதுப் பெண் ஒருவர், வரிசையில் ஒரு மணி நேரம் நின்று உள்ளே வந்தார். அவர் பெயரில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. இடது ஆட்காட்டி விரலை நீட்டி எல்லோருக்கும் காட்டினார், மை இல்லை. “என் ஓட்டைக் கள்ள ஓட்டாப் போட்டுட்டாளே, நான் இப்போ யாரு?” என்று கேட்டார். சீட்டைக் கொடுத்தோம், குத்தினார், உறையில் போட்டேன். அந்த உறையைச் சாதாரணமாக எண்ணுவதில்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். யாரோ போட்ட கள்ள ஓட்டு இயந்திரத்துக்குள் நல்ல ஓட்டாகக் கிடக்கிறது. அந்த அம்மாவின் நல்ல ஓட்டு உறைக்குள் கிடக்கிறது. உரிமை இல்லாதவர் போட்டது என்பதால் வக்கீல் சார் சொல்வது சரி. ஆனால் கள்ள ஓட்டு எது என்று இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது என்பதால் மெய்ப்புக்காரர் சொல்வதும் சரி. நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.


நெறியாளர்

இந்தச் சொல்லை ஒரு சமூகத்தின் பெயரோடு முடிச்சுப் போட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயர் ஒலிப்பதை வைத்து மக்களுக்குக் குணம் சொல்லும் வேலை இங்கே வேண்டாம். வெள்ளைக்காரன் அதைக் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று எழுதிவைத்து வீட்டுக்கு வீடு கைரேகை எடுத்தான். அந்தக் கதை தெரியாதவர்கள் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். இழை தொடரட்டும்.


கோத்தகிரிக் குளிர்

பட்டியலில் கள்ளத்தோணி இருக்கிறது, யாரும் தொடவில்லை. தொடுகிறேன்.

என் தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். கங்காணி கூட்டிப்போனார். மண்டபம் முகாமில் நிறுத்தி உடம்பைச் சோதித்து, தடுப்பூசி போட்டு, பெயர் எழுதி, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்தப் பாதைதான் ராஜபாட்டை. ரயில், கப்பல், மறுபடி ரயில், எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம், அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. காகிதம் இல்லாமல் எங்கள் ஆட்கள் ஓர் அடிகூட எடுத்துவைத்ததில்லை.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒரே நாளில் நாடு இல்லாதவர்கள் ஆனோம். அப்புறம்தான் இந்தப் பெயர் எங்கள் மேல் விழுந்தது. சிங்களத்திலும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சந்தையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், கோபம் வந்தால் ‘கள்ளத்தோணி’. தோணியையே கண்ணால் பார்க்காத ஆள் என் தாத்தா. பிறந்ததே பதுளைப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்கள் குடும்பம் இந்தப் பங்கில் வந்து நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தது. இங்கே எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரன்’.

வக்கீல் சாரின் ‘உரிமையின்மை’, மெய்ப்புக்காரரின் ‘மறைவு’, இரண்டும் எங்கள் விஷயத்தில் பொருந்தவில்லை. ஒளிந்தும் வரவில்லை, அனுமதி இல்லாமலும் வரவில்லை. பின்னால் சட்டத்தை மாற்றிவிட்டு, முன்னால் வந்தவனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஆகக் ‘கள்ள’ என்பது சில சமயம் பொருளில் இருப்பதே இல்லை, சொல்கிறவன் வாயில் இருக்கிறது.


குறுக்குவிசாரணை

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.


சைக்கிள் கேப்

பெரியவர்கள் நடுவில் வருகிறேன். எனக்கு வயது இருபத்தாறு. என் வட்டத்தில் கள்ளச்சிரிப்பு என்று யாரும் சொல்வதில்லை, அது பாட்டில் வரும். நாங்கள் சொல்வது ‘திருட்டு’. திருட்டு முழி, திருட்டு தம், திருட்டுப் பூனை. தோழி ஒருத்தி ரெஜிஸ்டர் ஆபீசில் யாருக்கும் சொல்லாமல் செய்துகொண்டது திருட்டுக் கல்யாணம். சின்னப் பிள்ளையைக் கொஞ்சுவதுகூட “திருட்டுப் பயலே” என்றுதான். கல்முனை அக்கா அன்று சென்னையில் “வாடா திருட்டுப் பயலே” என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்திருப்பார்கள், சாரியெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கணிப்பு இதுதான். செல்லமாகச் சொல்கிற பாதியைத் ‘திருட்டு’ வாங்கிக்கொண்டது. ‘கள்ள’விடம் மிச்சம் இருப்பது போலீஸ் ஸ்டேஷன் பாதி.


தேரிக்காடு

திருட்டு விசிடி எந்தப் பாதி தம்பி?


சைக்கிள் கேப்

அதையும் யோசித்தேன் அண்ணே. ஏன் ‘கள்ள விசிடி’ ஆகவில்லை? அதை வாங்கினவர்கள் யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் முப்பது ரூபாய்க்கு வாங்கி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். அரசாங்கம் 2004இல் விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தது, அப்போதும் ஜனங்கள் வாயில் அது திருட்டு விசிடிதான், திருட்டு மாங்காய் மாதிரி.


பழஞ்சுவடி

தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஒத்துக்கொள்ள மனசுதான் வரவில்லை. ஒரு திருத்தம் மட்டும். பழமொழிகளில் இன்னும் கள்ளம்தான் ஆள்கிறது. “கள்ள மனம் துள்ளும்.” “வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாக்கு.” இந்த இரண்டாவதைப் பாருங்கள். கைப்பிள்ளையைக் காட்டி வேலையிலிருந்து நழுவுகிறவள். அவள் எதையும் எடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய உழைப்பைப் பதுக்கிக்கொண்டாள். மறைவு என்ற என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிள்ளையை நாள் முழுக்க இடுப்பில் சுமப்பது வேலை இல்லையா என்று என் மருமகள் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.


வால்டாக்ஸ்

எல்லாம் சரி, 420 என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுவது 318 ஆகிவிட்டது. இனிமேல் “அவன் ஒரு த்ரீ எய்ட்டீன்” என்றா திட்டுவது? வாயில் வரவே மாட்டேங்குது.


நொச்சிவேலி

கடைசியில் யாராவது தலைப்புச் சொல்லுக்குத் திரும்புவீர்கள் என்று பார்த்தேன், நானே வருகிறேன்.

497ஐ யாராவது முழுசாகப் படித்தீர்களா? இன்னொருவன் மனைவியோடு, ‘அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல்’ உறவுகொண்டால்தான் குற்றம். கணவன் சரி என்றால் குற்றமில்லை. தண்டனை ஆணுக்கு மட்டும், புகார் கொடுக்க வேண்டியவனும் கணவன். ஒருவனுடைய பொருளை இன்னொருவன் சொல்லாமல் எடுத்துவிட்டான் என்கிற கணக்கு. வக்கீல் சார் சொன்ன ‘உரிமை’ இதுதான். யாருடைய உரிமை என்று அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 1860இல் எழுதியவர்களுக்கு அது களவுக் கேஸ் மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஆகத் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் ‘கள்ள’ போட்டது தற்செயல் இல்லை, அந்தச் சட்டத்தின் மனசை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள்.

குறுந்தொகைப் பெண் அவனைக் கள்வன் என்று சொன்னாள். சொன்னவள் அவள், சொல்லப்பட்டவன் அவன். நம் செய்திகளில் அந்தப் பெண்ணுக்கு வாய் கிடையாது. பாதிச் செய்திகளில் அவள் உயிரோடே கிடையாது. “கள்ளக்காதல் விவகாரத்தில் பெண் வெட்டிக்கொலை” என்று வரும். வெட்டினவன் செய்தது கொலை, அதற்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான பிரிவு இருக்கிறது. அவள் செய்தது என்னவென்றே தெரியாது, பெரும்பாலும் வெட்டினவன் சொன்னதுதான். ஆனால் தலைப்பில் முதலில் நிற்பது அவளுடைய ‘குற்றம்’. மெய்ப்புக்காரரே, எழுத்து எண்ணுவதற்கு முன்னால் அந்தச் சொல் அங்கே தேவையா என்று பாருங்கள். மாற்றுச் சொல் தேடவே வேண்டியிருக்காது.


குறுக்குவிசாரணை

யாருடைய உரிமை என்று நான் சொல்லவில்லை, உண்மைதான். கட்சி மாற அனுமதி உண்டா?


கல்முனைக்காரி

நொச்சிவேலிக்கு என் கை. சைக்கிள் கேப் தம்பி, அடுத்த முறை வரும்போது ‘திருட்டுப் பயலே’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அம்மம்மாவின் வாயில் அது வராது. அவவுக்குத் தொண்ணூற்றொரு வயது. நேற்று வீடியோ கோலில் என் மகனைப் பார்த்து “என்ர கள்ளன் மெலிஞ்சிட்டான்” என்றா.


மெய்ப்புக்காரன்

நாலு நாளாக எட்டிப் பார்க்க முடியவில்லை, மன்னிக்கவும். முந்தாநாள் ராத்திரி பத்தரைக்கு ஒரு செய்தி வந்தது. நிருபர் வைத்த தலைப்பு “கள்ளக்காதல் தகராறு: மனைவி கொலை”. உத்தரவுப்படி அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். பழக்கதோஷம், கை ‘தகாத உறவு’ என்று அடித்துவிட்டது. அப்புறம் நொச்சிவேலி எழுதியது ஞாபகம் வந்தது. முழுசாக அழித்துவிட்டு இரண்டு வரியாக வைத்தேன்.

மனைவி கொலை
கணவர் கைது

மேலே ஐந்து எழுத்து, கீழே ஆறு. இடம் மிச்சம்கூட இருந்தது. பக்கம் பார்க்கிற அண்ணன் “காரணம் போடலையாப்பா?” என்றார். “காரணம் உள்ளே இருக்குண்ணே” என்றேன். ஒரு முறை முறைத்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆனால் உள்ளே மூன்றாவது பாராவில் ‘மனைவியின் நடத்தையில் சந்தேகமடைந்த’ என்று அப்படியே போய்விட்டது. பதினொன்றரைக்குப் பக்கம் போக வேண்டும், கை வைக்க நேரமில்லை. காலையில் அச்சில் பார்த்தபோது தலைப்பில் எடுத்ததை நானே உள்ளே உட்கார வைத்த மாதிரி இருந்தது. அந்த வரியை என்ன செய்யலாம்?


தேரிக்காடு

‘நடத்தை’யை எடுங்கள். சந்தேகப்பட்டது யாரோ அவரை எழுவாயாக்கி, போலீசிடம் அவர் சொன்னதாக எழுதிப் பாருங்கள்.


மெய்ப்புக்காரன்

“தன் மனைவி மீது சந்தேகம் இருந்ததாகக் கணவர் போலீசாரிடம் கூறியுள்ளார்.” உட்காருகிறது. நன்றி அண்ணே. இன்றைக்கும் ஒன்று வந்திருக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.